ஏ.எஸ்.டி. டிவைஸ்கள்: முதல் வருடம் கழிந்த பிறகு எது எப்படி உழைக்கிறது?

இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஓட்டை (ஏ.எஸ்.டி.) இருக்கிறது, நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகவே டிவைஸ் வைத்து அடைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் இருப்பவர்கள் கேட்பது செலவையும் எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதையும்தான். தங்கும் நாள் கணக்கில் டிவைஸ்தான் ஜெயிக்கும். அமெரிக்காவில் ஆம்ப்ளாட்ஸர் டிவைஸின் அனுமதிக்காக நடந்த ஒப்பீட்டு ஆய்வில் 442 பேருக்கு டிவைஸ் வைத்தார்கள், 154 பேருக்கு ஆபரேஷன் செய்தார்கள். சிக்கல் வந்தது டிவைஸ் பக்கம் நூற்றுக்கு 7 பேருக்கு, ஆபரேஷன் பக்கம் 24 பேருக்கு. ஆஸ்பத்திரியில் தங்கியது இங்கே சராசரியாக ஒரு நாள், அங்கே மூன்று நாளுக்கு மேல்.

ஆனால் டிவைஸ் ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கப்போகிற பொருள். பத்து வயதில் வைத்தால் எழுபது வயதிலும் அது அங்கேதான். அதனால் இந்த விமர்சனத்தில், வைக்கும்போது நடக்கிற கோளாறுகளை ஓரமாக வைத்துவிட்டு, மாதங்களும் வருடங்களும் கழித்து வருகிறவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பிராண்டைவிட, ஓட்டையைச் சுற்றி எவ்வளவு ரிம் (சதை விளிம்பு) மிச்சம் இருக்கிறது, அதற்கு எந்த அளவு டிவைஸ் போட்டார்கள் என்ற இரண்டும்தான் பின்னாளைத் தீர்மானிக்கின்றன.

ஆம்ப்ளாட்ஸர் செப்டல் ஆக்ளூடர்

மினசோட்டா பல்கலைக்கழகத்து ரேடியாலஜிஸ்ட் கர்ட் ஆம்ப்ளாட்ஸ் உருவாக்கியது. 2001 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி. முதலில் ஏ.ஜி.ஏ. மெடிக்கல், 2010இல் செயின்ட் ஜூட், 2017 முதல் அபாட் என்று கை மாறியது. உலகில் மிக அதிகமாகப் பொருத்தப்பட்டது இதுதான், மிக நீண்ட காலம் கவனிக்கப்பட்டதும் இதுதான். பின்னால் வந்த பல டிவைஸ்களின் அடிப்படை அமைப்பும் இதைப் பார்த்து வந்ததே.

நிட்டினால் என்கிற நிக்கல்-டைட்டானியம் கம்பியைப் பின்னிச் செய்த இரண்டு தட்டுகள், நடுவில் ஓட்டைக்குள் உட்காரும் இடுப்பு, உள்ளே பாலியஸ்டர் துணி. டிவைஸின் அளவு என்று பெட்டியில் போட்டிருப்பது அந்த இடுப்பின் விட்டம்தான். தட்டுகள் அதைவிடப் பெரியவை. 20 மி.மீ. டிவைஸ் என்றால் இடது மேலறைத் தட்டு 34 மி.மீ., வலது மேலறைத் தட்டு 30 மி.மீ. இந்த வித்தியாசத்தைக் குடும்பத்தாருக்கு யாரும் விளக்குவதில்லை. 20 மி.மீ. ஓட்டை, 20 மி.மீ. டிவைஸ், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொள்கிறார்கள். சின்னக் குழந்தையின் இடது மேலறைக்குள் 34 மி.மீ. தட்டு எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதே வேறு கணக்கு.

அடைப்பதில் இதற்கு முழு மதிப்பெண் தரலாம். வைத்தவுடன் துணி வழியாகக் கொஞ்சம் ரத்தம் கசிவது சகஜம், பெரும்பாலும் தானாக நின்றுவிடும். ஒரு வருடம் கழித்தும் ஓரத்தில் கசிவு தெரிந்தால் அளவு போதவில்லை, அல்லது டிவைஸ் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

இதன் பெயரைக் கெடுத்த சிக்கல் எரோஷன். தட்டின் விளிம்பு மேலறையின் கூரையிலோ மகாதமனியின் வேர்ப்பகுதியிலோ உரசி உரசிச் சுவரைத் தேய்த்து ஓட்டை போட்டுவிடுவது. இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது, அத்தனை முறையும் அந்த உரசல் நடக்கிறது. மேலறைகளின் நடுச்சுவருக்கு முன்பக்கம், சற்று மேலே, மகாதமனி ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்து ரிம் 5 மி.மீ.க்குக் குறைந்தால் பற்றாக்குறை என்பார்கள். ரிம் இல்லாத இடத்தில் தட்டின் விளிம்புக்கும் மகாதமனிக்கும் நடுவே மெல்லிய மேலறைச் சுவர் மட்டும்தான் மிச்சம்.

2004இல் வெளியான முதல் பெரிய தொகுப்பில் 28 சம்பவங்கள் இருந்தன. அதில் நூற்றுக்கு 89 பேருக்கு மகாதமனிப் பக்கமோ மேல்பக்கமோ ரிம் பற்றாக்குறை. ஓட்டையோடு ஒப்பிட்டால் டிவைஸும் பெரிதாகவே இருந்தது. அதற்குக் காரணம் அன்றைய அளவெடுக்கும் முறை. ஓட்டைக்குள் பலூனை வைத்து, அதில் பள்ளம் விழும்வரை ஊதி அளந்தார்கள். சதை இழுபட்டதால் ஓட்டை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிந்தது, டிவைஸும் பெரிதாகப் போனது. இப்போது எக்கோவில் ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரைப் பார்த்துக்கொண்டே, கசிவு நிற்கிற அந்தக் கணத்தோடு பலூன் ஊதுவதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த அளவு அல்லது அதற்கு 2 மி.மீ.க்குள் கூடுதல், அவ்வளவுதான் போடுவார்கள். பலூனால் இழுக்காத ஓட்டை அளவின் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது என்பது அந்த 2004 தொகுப்பிலிருந்து வந்த வரம்பு. ஆகவே 2000களின் தொடக்கத்தில் டிவைஸ் வைத்துக்கொண்டவர்கள் பழைய ரிப்போர்ட்டை எடுத்து அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எரோஷனை எஃப்.டி.ஏ. நிபுணர் குழு 2012 மே மாதம் விவாதித்தது. 2013 அக்டோபரில் வந்த எச்சரிக்கை, ஆயிரம் பேரில் ஒருவர் முதல் மூவருக்கு இது வரலாம் என்று மதிப்பிட்டது. பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். ஆனால் வருடங்கள் கழித்து வந்தவையும் பதிவாகியிருக்கின்றன, ஆயுசு முழுக்கக் கவனிப்பு வேண்டும் என்று சொல்வதற்கு அதுவே காரணம்.

இங்கே ஒரு நிதானமும் வேண்டும். மகாதமனிப் பக்கத்து ரிம் குறைவாக இருப்பது ஏ.எஸ்.டி. உள்ளவர்களில் மிகச் சாதாரணம். அப்படி இருந்தும் டிவைஸ் வைத்துக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. எக்கோ ரிப்போர்ட்டில் அந்த வரியைப் பார்த்ததும் பயந்து டிவைஸே வேண்டாம் என்று ஓடத் தேவையில்லை. அந்த ரிம்மும் இல்லை, மேல்பக்கமும் இல்லை, ஓட்டையைவிட 5 மி.மீ.க்கு மேல் பெரிய டிவைஸ் வேறு, உடம்பும் சின்னது என்று இவையெல்லாம் ஒன்றுசேரும்போதுதான் ஆபரேஷன் பக்கம் தராசு சாய்கிறது.

வைக்கும்போது இதைத் தடுக்க என்ன செய்ய முடியும்? டிவைஸைத் திருகிக் கொண்டுபோகும் கேபிளிலிருந்து கழற்றும் முன் டிவைஸை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பார்ப்பார்கள். அதோடு, தொண்டை வழி எக்கோவில் மகாதமனி வட்டமாகத் தெரியும் கோணத்தில் தட்டின் விளிம்புகளைப் பார்க்க வேண்டும். இரண்டு தட்டும் மகாதமனியைக் கவ்விக்கொண்டு இருபுறமும் விரிந்து நின்றால் பரவாயில்லை. ஒரு விளிம்பு மட்டும் கூராகச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தாலோ, துடிப்புக்குத் துடிப்பு அந்த இடத்தில் ஆடினாலோ, உள்ளே இழுத்து வேறு அளவு போட்டுப் பார்ப்பதுதான் சரி. திருகு கழன்ற பிறகு திரும்ப எடுப்பது ஸ்னேர் என்கிற கம்பிச் சுருக்குப் போட்டு மீன் பிடிக்கிற வேலை.

எரோஷனின் அறிகுறிகள் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல், மயக்கம். இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் கசிந்து இதயத்தை அழுத்துவதால் வருபவை இவை. மெதுவாகக் கசிந்தால் வெறும் அசௌகரியமாகத்தான் தொடங்கும். நம் ஊரில் இதை 'கேஸ்' என்று சொல்லி ஓமவாட்டர் குடித்துப் படுத்துவிடுவது வழக்கம். டிவைஸ் உள்ளவர் அப்படிச் செய்யக் கூடாது. எக்கோ இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், போனவுடன் "எனக்கு ஏ.எஸ்.டி. டிவைஸ் இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். ஈ.சி.ஜி. மட்டும் எடுத்து நார்மல் என்று அனுப்பிவிட்டால் போதாது. புதிதாக நீர் கோத்திருக்கிறதா, முன்பு இருந்தது கூடியிருக்கிறதா என்பது எக்கோவில்தான் தெரியும். மகாதமனிக்கும் மேலறைக்கும் நடுவே வழி விழுந்துவிட்டால் அறிகுறிகள் வேறு மாதிரி இருக்கும்: புதிதாக ஒரு இரைச்சல் சத்தம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் மூச்சு வாங்கல்.

கோர் கார்டியோஃபார்ம்

வலைப்பின்னலுக்குப் பதிலாக, பூவிதழ் போல வளைத்த நிட்டினால் கம்பிச் சட்டத்தின் மேல் பி.டி.எஃப்.இ. என்கிற டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கின் மெல்லிய படலம். தொட்டால் குழைகிற டிவைஸ். உரசித் தேய்க்கும் விறைப்பு இதில் கிடையாது. ஏ.எஸ்.டி.க்கென்றே வந்த பெரிய மாடல் 2019இல் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது. அளவுகள் 27, 32, 37, 44, 48 மி.மீ., 8 முதல் 35 மி.மீ. வரையிலான ஓட்டைகளுக்கு. அனுமதி ஆய்வில் எரோஷன் ஒன்றுகூட இல்லை.

ஆனால் இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதே ஆய்வில் ஆறு மாதத்தில் எக்ஸ்ரேயின் கீழ் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு மேல் சட்டத்தின் கம்பி எங்காவது உடைந்திருந்தது. அவர்களுக்கு அதனால் தொல்லை எதுவும் வரவில்லை, டிவைஸும் நகரவில்லை. படலம் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது, அதன் மேல் திசு மூடிவிடுகிறது. ஆனாலும் இதே கம்பெனியின் ஹீலெக்ஸ் என்ற பழைய டிவைஸில் உடைந்த கம்பி மைட்ரல் வால்வைக் குத்திய சம்பவம் பதிவாகியிருப்பதால், இதை ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது. உடைந்த கம்பி எக்கோவில் சரியாகத் தெரியாது. எக்ஸ்ரே ஃப்ளூரோஸ்கோப்பியில் பல கோணங்களில் பார்க்க வேண்டும். 'எக்கோ நார்மல்' என்ற ஒரு வரி இந்த டிவைஸுக்கு முழுப் பதில் ஆகாது.

இன்னொரு குறை, இதைச் செலுத்தும் குழாய் பருமனானது. சின்னக் குழந்தையின் தொடை ரத்தக்குழாய் அதைத் தாங்குமா என்று யோசிக்க வேண்டும்.

ஃபிகுல்லா, செரா, கொகூன்

இந்தியாவில் டிவைஸ் வைத்துக்கொள்கிற பலருக்கு உள்ளே இருப்பது இவற்றில் ஒன்றாக இருக்கும். ஆக்லூடெக் நிறுவனத்தின் ஃபிகுல்லாவில் இடது தட்டின் மையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கொண்டை கிடையாது, அதனால் அங்கே ரத்தம் உறைய ஒரு இடம் குறைகிறது. ஷென்சென் நகரத்து லைஃப்டெக்கின் செராவில் நிட்டினால் மேல் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. தாய்லாந்துத் தயாரிப்பான கொகூனில் பிளாட்டினம் பூச்சு. பூச்சுகளின் நோக்கம் ஒன்றே, உள்ளிருக்கும் நிக்கல் ரத்தத்தில் கரைவதைக் குறைப்பது. அந்த அளவில் நியாயமான முன்னேற்றம். ஆனால் பூச்சு இருப்பதால் நிக்கலே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எரோஷனே வராத டிவைஸ் என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபிகுல்லாவிலும் அது பதிவாகியிருக்கிறது. இவற்றில் எண்ணிக்கை குறைவாகத் தெரிவதற்கு ஒரு காரணம், ஆம்ப்ளாட்ஸர் அளவுக்கு இவை பொருத்தப்படவில்லை என்பதே. இரட்டைத் தட்டு, நிட்டினால் பின்னல், நடுவில் இடுப்பு என்று அமைப்பு ஒன்றாக இருக்கும்போது, மேலே சொன்ன ரிம் கணக்கும் அளவுக் கணக்கும் எல்லாவற்றுக்கும் பொதுதான்.

போய்ச்சேர்ந்தவை

கார்டியோசீல், ஸ்டார்ஃப்ளெக்ஸ் இரண்டும் இப்போது சந்தையில் இல்லை, ஆனால் பலருடைய இதயத்தில் இன்னும் இருக்கின்றன. குடைக் கம்பிகளின் மேல் துணி போர்த்திய அமைப்பு. ஃபிராங்க்பர்ட்டில் 1000 பேரை வைத்து 2004இல் வெளியிட்ட கணக்கில், டிவைஸ் மேல் ரத்தக்கட்டி உண்டானது கார்டியோசீலில் நூற்றுக்கு 7 பேருக்கு, ஸ்டார்ஃப்ளெக்ஸில் 6 பேருக்குச் சற்றுக் குறைவு. அதே தொகுப்பில் ஆம்ப்ளாட்ஸரில் ஒன்றும் இல்லை. மேலறை நடுக்கம் (மேலறை தாறுமாறாகத் துடிப்பது) இருந்தவர்களுக்கும், நடுச்சுவர் தொளதொளவென்று ஆடுவது நிற்காதவர்களுக்கும் கட்டி அதிகம் வந்தது.

எந்த டிவைஸானாலும் பொருந்துபவை

டிவைஸ் மேல் உடம்பின் சொந்தத் திசு படர்ந்து மூட மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். அதுவரை அது ரத்தத்துக்கு அந்நியப் பொருள். ஆஸ்பிரின் ஆறு மாதம், பலருக்கு முதல் சில மாதங்கள் குளோபிடோக்ரெலும் கூட, என்று கொடுப்பது இதற்காகத்தான். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் மாதத்தில் நிறுத்திவிடுவதும், பல் பிடுங்குவதற்காக யாரையும் கேட்காமல் நிறுத்துவதும் கட்டிக்கு வழி திறந்துவிடும். கட்டி இடது தட்டில் உண்டானால் பக்கவாதம்வரை போகலாம். கண்டுபிடித்தால் ஹெப்பாரின், வார்ஃபரின் என்று ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்திலேயே பெரும்பாலும் கரைந்துவிடும்.

டிவைஸ் வைத்த சில நாட்களில் புதிதாக ஒற்றைத் தலைவலி தொடங்குவது உண்டு. கனடாவில் 171 பேரை வைத்து நடத்தி 2015இல் வெளியான கேனோவா ஆய்வில், ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் மூன்று மாதம் சேர்த்தவர்களுக்கு இந்தத் தலைவலி குறைந்தது. வலி மாத்திரையை மாற்றி மாற்றிப் போடுவதற்கு முன் இதை டாக்டரிடம் கேட்கலாம்.

நிட்டினாலின் எடையில் பாதிக்கு மேல் நிக்கல். ரத்தத்தில் அதன் அளவு முதல் மாதத்தில் ஏறிப் பிறகு இறங்குகிறது. கவரிங் கம்மல், வாட்ச் ஸ்ட்ராப், பெல்ட் பக்கிள் பட்ட இடத்தில் தோல் சிவந்து அரிப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பேட்ச் டெஸ்ட் செய்து பார்க்கலாம். தோலில் ஒவ்வாமை இருப்பவர்கள் எல்லாருக்கும் இதயத்தில் தொல்லை வருவதில்லை. ஆனால் நெஞ்சுவலி, படபடப்பு, தடிப்பு, தலைவலி விடாமல் தொடர்ந்து கடைசியில் ஆபரேஷன் செய்து டிவைஸை எடுக்க நேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். வைப்பதற்கு முன் ஒரு கேள்வி, எடுப்பதற்கு ஒரு ஆபரேஷன். இரண்டில் எது சுலபம் என்பது தெரிந்ததே.

கிருமித் தொற்று அபூர்வம், வந்தால் மோசம். முதல் ஆறு மாதம் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தேவை. டிவைஸ் ஓரத்தில் கசிவு நீடித்தால் அதற்குப் பிறகும் தேவை. அதைவிட முக்கியமாக, காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் நீடித்தால் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கக் கூடாது. முதல் மாத்திரைக்கு முன்பே பிளட் கல்ச்சர் எடுத்தாக வேண்டும், அதுவும் ஒரு பாட்டில் போதாது, வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று செட். மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி கல்ச்சரில் வளராது, என்ன கிருமி என்று தெரியாமலே வாரக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டி வரும்.

படபடப்பு விஷயத்தில் எல்லாப் பழியையும் டிவைஸ் மேல் போட முடியாது. வருடக்கணக்கில் கூடுதல் ரத்தம் பாய்ந்து விரிந்துபோன மேலறை, ஓட்டையை அடைத்த பிறகும் நடுங்கலாம். நாற்பது வயதுக்கு மேல் அடைத்துக்கொண்டவர்களுக்கு இது கூடுதல். இதில் டிவைஸின் பங்கு வேறு வகையில் வருகிறது. மேலறை நடுக்கத்துக்கு அப்லேஷன் (கோளாறான இடத்தைச் சுட்டுச் சரிசெய்வது) செய்ய, நடுச்சுவரைக் குத்தித்தான் இடது பக்கம் போக வேண்டும். சுவர் முழுவதையும் டிவைஸ் அடைத்துக்கொண்டிருந்தால் குத்த இடம் இல்லை. பக்கத்தில் மிச்சமிருக்கும் சொந்தச் சதையைத் தேடிக் குத்துவார்கள், இல்லாவிட்டால் டிவைஸையே துளைத்துப் போவார்கள். முடியாத காரியம் அல்ல, ஆனால் எல்லா இடத்திலும் செய்யமாட்டார்கள். இளம் வயதில் பெரிய டிவைஸ் போடுவதற்கு முன் இதையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இதுவரை சொன்னது மேலறை ஓட்டைக்கு. கீழறை ஓட்டையான வி.எஸ்.டி.யில், அதிலும் வால்வுக்கு அடியில் இருக்கும் பெரிமெம்பிரனஸ் வகையில், மின்சாரக் கம்பி போல ஓடும் இதயக் கடத்தல் பாதை டிவைஸை ஒட்டியே போகிறது. அது நசுங்கினால் முழு ஹார்ட் பிளாக், பேஸ்மேக்கர் வேண்டும். 2007இல் வெளியான ஐரோப்பியத் தொகுப்பில் இந்த வகையில் நூற்றுக்கு 5 பேருக்கு அது வந்தது. வருடங்கள் கழித்தும் வரும் என்பதுதான் கொடுமை. இவர்களுக்கு எக்கோவோடு ஈ.சி.ஜி.யும் ஒவ்வொரு முறையும் கட்டாயம், திடீர் மயக்கம் என்றால் அன்றே போக வேண்டும்.

வாங்கிக்கொள்ள வேண்டிய காகிதங்கள்

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் போன்ற அரசுத் திட்டங்களில் செய்துகொள்பவர்களுக்கு பிராண்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அநேகமாகக் கிடைக்காது. என்ன வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. டிவைஸ் பெட்டியில் வரும் ஸ்டிக்கரில் மாடல், அளவு, லாட் எண் மூன்றும் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், இன்னொன்று இம்ப்ளாண்ட் கார்டில் ஒட்டி உங்கள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் கேளுங்கள், குறைந்தபட்சம் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஏ.எஸ்.டி. டிவைஸ் க்ளோஷர் டன்' என்ற ஒற்றை வரியோடு அனுப்புவது பரவலான வழக்கம், பத்து வருடம் கழித்து அதை வைத்து எந்த டாக்டராலும் எதுவும் செய்ய முடியாது. ஓட்டையின் அளவு, பலூன் போட்டிருந்தால் அந்த அளவு, ஒவ்வொரு பக்கத்து ரிம், டிவைஸ் அளவு ஆகியவற்றை எழுதி வாங்குங்கள்.

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் அந்தக் கார்டுதான் உதவும். ஆம்ப்ளாட்ஸரை 3 டெஸ்லா வரையிலான மெஷினில் நிபந்தனைகளோடு எடுக்கலாம், நெஞ்சுப் பகுதியில் படம் கொஞ்சம் கலங்கும். கார்டு இல்லாதவரை ஸ்கேன் சென்டரில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. விமான நிலையக் கதவுகளில் பிரச்சினை இல்லை.

எக்கோ மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று போக வேண்டும். முதல் இரண்டு வருடம் தவறாமல் பார்த்துவிட்டு, அதன் பிறகு ரிப்போர்ட்டைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். ரிம் குறைவான, பெரிய டிவைஸ் வைத்தவர்கள் அதை நம்பி இருக்காமல் வருடம் ஒருமுறை பார்த்துவிடுவதே எங்கள் பரிந்துரை. முதல் ஒரு மாதம் பளு தூக்குவது, நெஞ்சில் இடிபடும் விளையாட்டுகள் வேண்டாம். கர்ப்பத்தைப் பொதுவாக ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

டிவைஸால் தொல்லை வந்தால் அதைப் பதிவு செய்ய இந்தியாவில் 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது, காசியாபாதில் உள்ள இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் நடத்துகிறது. டாக்டரிடம் சொல்லி அந்தப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். லாட் எண் இல்லாத புகாரை வைத்து எந்தத் தயாரிப்பில் கோளாறு என்று தேட முடியாது, எனவே அந்த ஸ்டிக்கர் இங்கேயும் தேவைப்படும்.